நான் சொல்லிக்கொடுத்த மூன்று பதில்கள்

ஐஸ் ஹாக்கியில் ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்காரும் நீள வாங்கின் இரண்டு முனைகளிலும் இரண்டு சின்னக் கதவுகள் இருக்கும். ஒன்று தாக்கி ஆடுகிறவர்களுக்கு, மற்றது தடுத்து ஆடுகிறவர்களுக்கு. அந்தத் தடுப்பாட்டக்காரர்களின் கதவைத் திறந்து மூடுவது நான்கு பனிக்காலங்கள் என் வேலையாக இருந்தது. பகலில் அவர்களுடைய உடுப்புகளைத் துவைப்பேன், சறுக்குச் சப்பாத்துகளைக் காயவைப்பேன். ஆட்டம் தொடங்கியதும் கதவடியில் போய் நிற்பேன். எங்கள் தமிழ் ஆட்களிடம் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் மரக்கறி வாங்கும் கடைக்காரர், "கதவு திறக்கிறதுக்கும் ஒரு ஆளோ? அவங்களுக்கென்ன கை இல்லையோ?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே கத்தரிக்காயை நிறுப்பார். மூச்சு வாங்க முடியாமல் வருகிற மனிதனுக்கு ஒரு கதவு திறந்தே கிடப்பது எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்கு விளக்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

எங்கள் அணி, நகரம் முழுவதும் தலையில் வைத்துக் கொண்டாடும் அந்தப் பெரிய அணி அல்ல. அதற்குப் பல படிகள் கீழே, சம்பளத்துக்கு ஆடும் ஒரு சின்ன அணி. இப்போது அந்த அணியும் இல்லை, நகரின் கிழக்கே இருந்த அந்தப் பழைய அரங்கமும் இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த ஆண்டுகளில், முதலில் நான் அங்கே தரை துடைக்கத்தான் போனேன். உடுப்பு, தடி எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்து நிமிரத் தெரிந்த ஒருவன் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பனியைக் கண்டாலே கால் கூசும் எனக்குப் பனிக்கட்டியின் ஓரத்தில் உத்தியோகம்.

கதவடியில் நிற்பவனுக்குத் தெரிவது உயரத்தில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. ஆட்டக்காரர்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஆடுவார்கள், பிறகு மாறிக்கொள்வார்கள். உடம்பில் தெம்பு இருக்கிறவன் ஓரத் தடுப்புப் பலகையில் கையை ஊன்றித் தாவி உள்ளே விழுவான். களைத்தவன்தான் கதவைத் தேடி வருவான். எத்தனை பேர் என் கதவால் வருகிறார்கள் என்பதை வைத்தே அன்றைக்கு எத்தனை கோல் வாங்கப்போகிறோம் என்று நான் மனதுக்குள் சொல்லிவிடுவேன். என் கணக்குப் பெரும்பாலும் பிழைத்ததில்லை.

அந்த வருடம் புதுவருடம் பிறந்து சில வாரங்களுக்குள் எங்கள் தடுப்பு வரிசை சிதைந்துபோனது. ஆறு பேர், மூன்று சோடிகளாக ஆடவேண்டிய இடம் அது. முதலில் ஒருவனுக்கு முழங்கால் போனது. அடுத்தவன், எதிரணி அடித்த பக்கைத் தடுக்கப்போய் மணிக்கட்டை முறித்துக்கொண்டான். பக் என்பது அவர்கள் அடித்து விளையாடும் கறுப்பு ரப்பர் வில்லை. சின்னதுதான், ஆனால் எலும்புக்கு அது கல். மூன்றாமவனின் தோள்மூட்டு கழன்றது. யாருக்கு எங்கே அடிபட்டது என்று அணி வெளியே சொல்லாது. 'கீழுடல் காயம்', 'மேலுடல் காயம்' என்று இரண்டே சொற்கள்தான். இடத்தைச் சொன்னால் எதிரணி அதே இடத்தைத் தேடி அடிக்குமாம். எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடித்திருந்தது. காயத்தை ஒளித்து வைப்பது எங்கள் ஊர்ப் பெடியளுக்குப் புதிதா என்ன? உடம்பில் ஒரு தழும்பு இருந்தாலே, அது எப்படி வந்தது என்று இலங்கை ஆமிக்குப் பதில் சொல்லவேண்டியிருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

மிஞ்சிய மூன்று பேரோடு தாக்கி ஆடுகிற ஒருவனைப் பின்னால் இழுத்து, நான்கு பேரை வைத்துச் சமாளித்தார்கள். தெரியாத சோடி என்பதால் இரண்டு பேரும் ஒரே மூலைக்கு ஓடுவார்கள், கோலுக்கு முன்னால் எதிராளி தனியே நிற்பான். அல்லது இரண்டு பேருமே மற்றவன் போவான் என்று நின்றுவிடுவார்கள். களைத்த கால் ஒரு அடி பிந்தினால் போதும். முன்பு ஆட்டத்துக்கு இரண்டு கோல் வாங்கிய அணி ஐந்து, ஆறு என்று வாங்கத் தொடங்கியது. பயிற்சியாளர் கத்தினார், பார்க்க வந்தவர்கள் ஊளையிட்டார்கள். கோல்காப்பாளன் மட்டும் வலைக்குள் கிடந்த பக்கைத் தடியால் எடுத்து வெளியே தள்ளுவான்.

மிஞ்சிய அந்த மூன்று பேரில் ஒருவனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். முப்பத்திரண்டு வயது. வடக்கே சுரங்க ஊர் ஒன்றிலிருந்து வந்தவன். முன்பல் இரண்டும் இல்லை. ஆட்டத்துக்கு எழுபது, எண்பது தரம் கதவு திறப்பேன். அத்தனை பேரில், உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பிரெஞ்சில் நன்றி, "மெர்சி" சொல்கிறவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு மூன்று வயதில் ஒரு மகள். அடுத்த வருடம் அணி தன்னை வைத்துக்கொள்ளுமா என்ற பயம் அவனிடம் இருந்தது, அதை எல்லோருக்கும் சொல்லியுமிருந்தான். இரண்டு வருடங்களுக்கு முன்பு, வேறொரு ஊரில், இடுப்பில் காயம் என்று வாய் திறந்து சொன்னதும் அவனை அனுப்பிவிட்டார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்தில் அவனுடைய தலை கண்ணாடிச் சுவரில் மோதியது. பெரிய சத்தமில்லை. எழுந்து சறுக்கி வந்தான். நான் கதவைத் திறந்தேன். அவன் உள்ளே வராமல் கதவுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தான். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாத பார்வை அது. நான் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து அவனை உட்காரவைத்தேன். அன்றைக்கு மெர்சி சொல்லவில்லை. ஆட்டத்தின் மும்முரத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், கவனித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை காலை, நான் உலர்த்தியிலிருந்து துவாய்களை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். அவன் உள்ளே வந்தான். விளக்கை அணைக்கச் சொன்னான், அணைத்தேன். உலர்த்தியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "நேற்று வென்றோமா?" என்று கேட்டான். பகிடி விடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வீட்டுக்குக் கார் ஓட்டிப் போனது ஞாபகமில்லை என்றான். காலையில் மகள் பேசியது காது பொறுக்க முடியாத சத்தமாக இருந்தது என்றான். பிறகு, "நான் போய் அவரிடம் சொல்லப்போகிறேன்" என்றான்.

அவர் என்பது அணியின் சிகிச்சையாளர். அவருடைய அறைக்கும் எனது அறைக்கும் நடுவே மெல்லிய பலகைச் சுவர். தலையில் அடிபட்டவர்களிடம் அவர் என்ன கேட்பார் என்பது எனக்குப் பாடம். எந்த அணியோடு ஆடினோம், முடிவு என்ன, கடைசிக் கோலை அடித்தது யார். மூன்றுக்கும் சரியாகச் சொன்னால் போகலாம். ஒன்றில் தடுமாறினாலும் ஆட்டமில்லை. ஞாயிறு ஆட்டத்தின் காணொளியில் அந்த மோதலைப் பார்த்திருந்ததால், அன்று காலை அவனைக் கூப்பிட்டும் இருந்தார்.

அவன் கதவு வரை போய்விட்டான். நான் ஓடிப்போய் அவனுடைய கையைப் பிடித்தேன். "சொல்லாதே" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று விளங்க, ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயதில், போர்க்காலத்தில், வவுனியாவில் ஆமியின் சோதனைச் சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர். முன்பின் தெரியாதவர். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "தம்பி, ஏன் கொழும்புக்குப் போறாய் எண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்?" நான் முழித்தேன். "கண் ஆஸ்பத்திரிக்கு எண்டு சொல்லு. இடது கண். எந்தக் கண் எண்டு கேப்பாங்கள், மாறிச் சொல்லிப்போடாதை. எங்கை, சொல்லு பாப்பம்" என்றார். மூன்று தரம் சொல்லவைத்தார். நான் தப்பிப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பதில் இல்லாமல் நின்ற சிலர் போய்ச் சேரவில்லை. எங்கள் ஆட்களிடையே அது எழுதாத முறை. கேள்வி கேட்கிறவன் முன்னால் போகும் மனிதனுக்குப் பதிலைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவதுதான் மனிதத்தன்மை. 'எனக்குத் தெரியாது', 'ஞாபகமில்லை' என்று சொல்ல மட்டும் ஒருவனை விடக்கூடாது. நானும் பின்னாளில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஆகவே அன்றைக்கு, அரை இருட்டில், ஈரத் துவாய் மணக்கிற அறையில், அவனுக்கு மூன்று பதில்களையும் சொல்லிக்கொடுத்தேன். எதிரணியின் பெயர். நான்குக்கு மூன்று, தோற்றோம். கடைசிக் கோல் எங்கள் பதினேழாம் இலக்கக்காரன். "எங்கே, சொல்லு" என்றேன். முதல் தரம் எண்ணை மாற்றிச் சொன்னான். இரண்டாம் தரம் அணியின் பெயரில் தடுமாறினான். மூன்றாம் தரம் சரியாகச் சொன்னான். "இது நல்லதுதானா?" என்று என்னைக் கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. நான் நல்லது என்றேன்.

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றுக்கும் தடங்கலில்லாமல் சொன்னான். சிகிச்சையாளர் திருப்தியோடு ஏதோ சொன்னார், கதிரை நகர்ந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு ஆளைக் கரையேற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

புதன்கிழமை ஆட்டம். அவன் தாவிக் குதித்து வரவில்லை, ஒவ்வொரு முறையும் என் கதவாலேயே வந்தான். இரண்டாம் பகுதியில் அவன் கோலுக்கு முன்னால் நின்றிருந்தான். பக் வலது மூலையில் இருந்தது. அவனுடைய ஆள், அதாவது அவன் பார்த்துக்கொள்ளவேண்டிய எதிராளி, அவனுக்கு ஒரு கை தூரத்தில் பின்னால் நின்றான். இவன் திரும்பிப் பார்க்கவேயில்லை. பக் வந்தது, அந்த எதிராளி தடியை நீட்டினான், கோல். பத்து வருடம் இதே வேலையைச் செய்தவன் விடுகிற பிழை அல்ல அது. அரங்கம் முழுவதும் அவனை இலக்கம் சொல்லி ஏசியது. பயிற்சியாளர் அவனுடைய முகத்துக்கு நேரே குனிந்து கத்தினார். அவன், வேறு யாரையோ பார்த்துக் கத்துகிறார் என்பதுபோல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். சிகிச்சையாளர் என்னிலிருந்து நான்கு அடி தள்ளித்தான் நின்றார்.

ஆள் இல்லாததால் அவனைத் திரும்பவும் அனுப்பினார்கள். நான்தான் கதவைத் திறந்தேன். மூலைக்குப் போன பக்கை எடுக்க, பலகைக்கு முகம் காட்டிக்கொண்டு போனான். போகும்போது தோளுக்கு மேலால் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பது அவர்கள் சின்ன வயதிலேயே பழகும் பழக்கம், பின்னால் எவன் வருகிறான் என்று தெரிவதற்காக. அவன் பார்க்கவில்லை. வந்தவன் முழு வேகத்தில் வந்து மோதினான். இந்த முறை சத்தம் கேட்டது. தூக்கிப்போகும் கட்டில் கொண்டுவந்தார்கள். அது உள்ளே வருவதற்காக என் கதவை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவனுடைய கண் திறந்திருந்தது, ஆனால் அவன் அங்கே இல்லை.

'மேலுடல் காயம்' என்று அறிவித்தார்கள். மீதி இருந்த ஆட்டங்களில் பாதிக்கு மேல் தோற்றோம். அவன் விழுந்த அடுத்த நாள் கூட்டத்தில் பயிற்சியாளர் காணொளியை அந்தக் கோலில் நிறுத்தி, "இந்த ஆள் யாருடைய பொறுப்பு?" என்று கேட்டார். நான் பின்னால் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு மெல்ல மெல்ல ஒரு கதை நிலைத்தது. அவன் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சிகிச்சையாளரை ஏமாற்றிவிட்டான் என்பது அந்தக் கதை. பொய் சொல்லித் தன்னையும் கெடுத்து அணியையும் கெடுத்தான் என்றார்கள். நான் அவனுடைய உடுப்புகளைத் துவைத்து, மடித்து, பெயர் எழுதிய பையில் போட்டு வைத்தேன். மூன்று வாரம் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். என்னை நானே வெறுத்த நாட்கள் அவை.

என் மனைவி கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சக்கரக் கதிரையில் தள்ளிப்போகும் வேலை செய்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, ஏன் சாப்பிடாமல் பிசைஞ்சுகொண்டிருக்கிறியள்?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். வவுனியா மனிதரையும் சேர்த்துத்தான். அவள் கை கழுவப் போனவள், அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"அந்தச் சிகிச்சை பாக்கிற மனிசன் என்ன ஆமிக்காரனோ?"

நான் சோற்றைத் திரும்பவும் பிசைந்தேன்.

"அவர் பிடிக்கவோ கேட்டவர்? காப்பாத்த எல்லோ கேட்டவர். எங்கடை ஆஸ்பத்திரியிலையும் உந்தக் கேள்வியைத்தான் கேக்கிறவை. தெரியாது எண்டு சொன்னால்தானே உள்ளுக்கை விட்டு வைத்தியம் பாப்பினம்."

"எனக்கு அது அப்ப விளங்கேல்லையப்பா. கடதாசியோடை ஒருத்தன் இருந்து கேள்வி கேட்டால் எனக்கு வேறை ஒண்டும் விளங்காது."

"இப்ப விளங்குதுதானே. போய்ச் சொல்லுங்கோ."

"ஆருக்கு? மனேச்சருக்கோ?"

"முதல் அந்தப் பெடியனுக்கு. அவன்ரை மனிசிக்கு."

"வேலை போனால்?"

"போகட்டும். டோர்வல் எயார்போட்டிலை சூட்கேஸ் தூக்கலாம். எழும்புங்கோ."

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று தோடம்பழமும் ஒரு குலை முந்திரிகைப்பழமும் ஒரு பையில் போட்டுத் தந்தாள். அரங்கத்திலிருந்து இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி, இரண்டாம் மாடியில் அவனுடைய வீடு. வெளிப்படிக்கட்டில் பனி உருக உப்புப் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தது அவனுடைய மனைவி. ஆட்டங்களுக்கு வந்து போகிறவள் என்பதால் என்னைத் தெரியும். உள்ளே திரைச்சீலைகள் எல்லாம் மூடியிருந்தன. மகளை அம்மம்மா வீட்டில் விட்டிருப்பதாகவும், குழந்தையின் சத்தத்தை அவனால் தாங்க முடியவில்லை என்றும் மெல்லிய குரலில் சொன்னாள். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்வுக் கதிரையில் இருந்தான். என்னைக் கண்டதும் பல்லில்லாத வாயால் சிரித்தான். அவனுக்கு நல்ல சந்தோசம். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அந்தத் திங்கட்கிழமை நான் துவைக்கிற அறைக்கு நீ வந்தாய். ஒன்றும் ஞாபகமில்லை என்றாய். போய்ச் சொல்லப்போகிறேன் என்றாய். நான்தான் விடவில்லை. பதிலெல்லாம் நான்தான் சொல்லித்தந்தேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். "அந்தக் கிழமை முழுதுமே எனக்கு இல்லை" என்றான். "மகளுக்குச் சப்பாத்து வாங்கியது ஞாபகம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. நடுவில் ஒன்றுமில்லை. நீ வந்தது நல்லது."

அவனுடைய மனைவி மேசையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "திரும்பச் சொல்லு" என்றாள். திரும்பச் சொன்னேன்.

"சொல்லப் போனாரா?"

"வுய், ஓம். கதவு வரை போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. அவனையே பார்த்துக்கொண்டு பேசினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், ஏன் அவர்களிடம் பொய் சொன்னாய், உனக்கொரு மகள் இருப்பது தெரியாதா என்று தினமும் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஆனாலும், நான் பொய் சொல்லித்தான் இருப்பேன், என்னை மன்னித்துவிடு என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

பழத்தை வைத்துவிட்டுப் போய் அவனுடைய காலடியில் உட்கார்ந்தாள். அவனுடைய முழங்காலில் தலையை வைத்து, "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டாள். அவன் குனிந்து, எதற்கு என்று கேட்டான். அவள் அழத் தொடங்கினாள். அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தவன், அவள் அழுகிறாள் என்பதற்காக, தானும் ஒரு தரம் பார்தோன் என்றான்.